தட்டச்சுக்கு நடுவே கர்சர் தாவுகிறது: டச்பேட்டை எப்படிக் கட்டுப்படுத்துவது?

மழைக்குறிப்பேடு (ஏற்காடு), நவம்பர் 8, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். என் மடிக்கணினியின் டச்பேட், விரல் சரியாகப் படுவதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே கர்சர் வேறு ஏதோ ஓரிடத்துக்குத் தாவிவிடுகிறது. நான் திரையைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துத் தட்டுகிறவள். அதனால் தாவியது உடனே தெரிவதில்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா இங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவராக, இருந்தவர். 1971 முதல் 1996 வரை ஒரு நாள் விடாமல் மழையளவு எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒன்றாக 26 நோட்டுகள். அங்குலமும் சென்ட்டுமாக (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவு, பக்கத்திலேயே ஒரு வரிக் குறிப்பு: "காலை முழுதும் மூடுபனி", "பழம் பறிப்பு தொடக்கம்", "மிளகுக் கொடி சாய்ந்தது". தாள்கள் மடிப்பில் உடையத் தொடங்கிவிட்டன. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. இவற்றை எக்செல் அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 11 நோட்டுகள் முடிந்துவிட்டன.

நேற்று 1.35 என்று தட்டினேன். 1.3 வரை சரியான கட்டத்தில் விழுந்திருக்கிறது. 5 மட்டும் ஐந்து நாள் முந்திய கட்டத்துக்குப் போய், அங்கே ஏற்கெனவே இருந்த எண்ணை அழித்துவிட்டது. தற்செயலாகத்தான் பார்த்தேன். பார்க்காமல் போனவை எத்தனை என்று நினைத்தபோது இரவு தூக்கம் வரவில்லை.

கர்சரின் வேகத்தைக் கடைசி வரை குறைத்துப் பார்த்துவிட்டேன். மாற்றமே இல்லை. விண்டோஸ் 11. வயது 63. வலது கட்டைவிரல் மூட்டில் வலி இருப்பதால் டச்பேட்டை அழுத்திக் கிளிக் செய்வது கடினம். தட்டித்தான் பழக்கம். வழி சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர், நவம்பர் 8, இரவு 9.55

அம்மா, கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். மெருகு போடும் இடத்தில் எப்போதும் பூந்திக்கொட்டைத் தண்ணீர் இருக்கும். ஈரக் கையோடு டச்பேட்டைத் தொட்டுவிட்டால் அம்புக்குறி நான்கு பக்கமும் ஓடும். மவுஸ் வாங்கிய பிறகுதான் நிம்மதி. நீங்களும் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கருப்பூர் லினக்ஸ், நவம்பர் 8, இரவு 10.10

மவுஸைச் செருகினால் டச்பேட் தானாக அணைந்துவிடாது, அண்ணா. அதை நாம்தான் அணைக்க வேண்டும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட் என்று போனால் மேலே டச்பேட் என்ற வரி இருக்கும். அதை விரித்தால், மவுஸ் இணைந்திருக்கும்போதும் டச்பேட்டை இயங்க விடுவதற்கான தேர்வுக் கட்டம் இருக்கிறது. அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் மவுஸ் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம் என்று இரண்டும் வேலை செய்யும்.

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர், நவம்பர் 8, இரவு 10.14

உண்மை. என் மகள்தான் அதைச் செய்து கொடுத்தாள் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

ஐந்துரோடு பழுதுநீக்குநர், நவம்பர் 9, காலை 7.30

மவுஸ் வாங்குவது தவறில்லை. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் தப்பிப் போகிற வழி அது. டீச்சர் வேலை செய்வது 26 ஆண்டு மழைக்கணக்கில். அதற்குக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

"டச்பேட் ரொம்ப சென்சிடிவ்" என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கோளாறு இல்லை. காய்ச்சல் என்று சொன்னால் எந்தக் காய்ச்சல் என்று மருத்துவர் கேட்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும். எப்போது தாவுகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதனால் எந்த அமைப்பையும் மாற்றாமல், முதலில் மூன்று சோதனைகளைச் செய்து சொல்லுங்கள், டீச்சர்.

முதலாவது: சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் கால் மணி நேரம் அதே வேலையைச் செய்யுங்கள். பிறகு சார்ஜரைச் செருகிக் கால் மணி நேரம். இரண்டிலும் எத்தனை முறை தாவுகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள்.

அடுத்தது: இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் திரையை மட்டும் பாருங்கள். அம்புக்குறி தானாக நகர்கிறதா?

மூன்றாவது, மிக முக்கியமானது: கணினியை அணைத்துவிட்டு, ஒரு ஸ்கேலைப் பக்கவாட்டில் நிறுத்தி டச்பேட்டின் குறுக்கே வையுங்கள். டச்பேட் நடுவிலோ ஒரு ஓரத்திலோ மேடாக இருந்தால் சொல்லுங்கள். அழுத்துவது முன்பைவிடக் கடினமாக இருக்கிறதா, கிளிக் சத்தம் மாறிவிட்டதா என்றும் கவனியுங்கள்.

மழைக்குறிப்பேடு, நவம்பர் 9, இரவு 8.05

ஐயா, சொன்னபடியே செய்தேன். பேட்டரியில் 3 கோடுகள். சார்ஜரோடு 14 கோடுகள். இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

கை வைக்காமல் பார்த்தபோது அம்புக்குறி அசையவில்லை. ஆனால் சார்ஜர் இணைந்திருக்கும்போது ஒரு விரலை வைத்து அப்படியே நிறுத்தினால், அம்புக்குறி நடுங்குகிறது. பேட்டரியில் அந்த நடுக்கம் இல்லை. இன்னொன்றும் தோன்றியது. சார்ஜரோடு இருக்கும்போது மணிக்கட்டு படும் உலோகப் பகுதியில் லேசான குறுகுறுப்பு இருக்கிறது. குளிர் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேல் சமமாகவே உட்கார்ந்தது.

ஆத்தூர் ஈராண்டு, நவம்பர் 9, இரவு 8.40

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு நானும் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். என் டச்பேட்டின் இடது ஓரம் நன்றாக மேலே எழும்பியிருக்கிறது. ஒரு மாதமாகவே தொடாமலே கிளிக் ஆகிறது. அதை அழுத்தி உள்ளே தள்ளினால் சரியாகுமா?

ஐந்துரோடு பழுதுநீக்குநர், நவம்பர் 9, இரவு 8.44

தம்பி, அழுத்தாதீர்கள். இப்போதே கணினியை அணைத்துவிடுங்கள். சார்ஜரைச் செருகாதீர்கள்.

அது டச்பேட்டின் கோளாறு இல்லை. கீழே இருக்கும் லித்தியம் பேட்டரி வீங்கி, டச்பேட்டை மேலே தள்ளுகிறது. பெரும்பாலான மடிக்கணினிகளில் டச்பேட்டுக்கு நேர் கீழேதான் பேட்டரி. பழைய பேட்டரிக்குள் வாயு சேர்ந்து பை போல உப்பும். அதை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கலாம். கட்டில், மெத்தை, நோட்டுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இல்லாமல், தரையில் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, நாளை காலை தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கோ நம்பிக்கையான பழுதுக் கடைக்கோ எடுத்துச் செல்லுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட விடாதீர்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத்தான் சொல்கின்றன.

ஆத்தூர் ஈராண்டு, நவம்பர் 9, இரவு 8.51

அணைத்துவிட்டேன் ஐயா. வாசல் திண்ணையில் வைத்திருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இப்போது கைப்பேசியிலிருந்து எழுதுகிறேன்.

ஐந்துரோடு பழுதுநீக்குநர், நவம்பர் 9, இரவு 10.30

இனி டீச்சரின் கணினிக்கு வருகிறேன். உங்களுக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. சார்ஜரோடு வருகிற பெரும்பகுதி ஒன்று. பேட்டரியிலும் மிச்சமிருக்கும் அந்த 3 கோடுகள் இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு "பயனில்லை" என்று விட்டுவிடுவோம். நிறையப் பேருக்கு நடப்பது இதுதான்.

டச்பேட் அழுத்தத்தை அளக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதன் பரப்புக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்கோடுகள் ஓடுகின்றன. விரல் பக்கத்தில் வந்தால், அந்தக் கோடுகள் சந்திக்கும் இடத்தின் மின்தேக்கத் திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன், மிக மிகச் சிறிய அளவு மாறும். அந்தத் திறனை அளக்கும் மிகச் சிறிய அலகான பிகோஃபாரட்டில் ஒன்றுக்கும் குறைவான மாற்றம். அதைப் பிடித்துத்தான் விரல் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது. இத்தனை நுட்பமான அளவுக்குள் வெளியிலிருந்து மின் இரைச்சல் கலந்தால், ஒரு விரல் அதற்கு நடுங்கும் விரலாகவோ இரண்டு விரலாகவோ தெரியும்.

அந்த இரைச்சல் உங்கள் வீட்டில் சார்ஜர் வழியாக வருகிறது. சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் கணினிப் பக்கத்துக்கும் நடுவே இரைச்சலை அடக்குவதற்காக ஒரு சிறு கெப்பாசிட்டர் வைப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அதன் வழியே கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக்கிடம் இல்லாமல் கணினியின் உலோக உடல் மின்னழுத்தத்தில் மிதக்கும். சுமார் 115 வோல்ட், அதாவது வீட்டு மின்சாரத்தில் பாதி வரைகூடப் போகலாம். மின்னோட்டம் மைக்ரோஆம்பியர் கணக்கில்தான் இருக்கும் என்பதால் ஆளை வீழ்த்தாது. நீங்கள் சொன்ன குறுகுறுப்பு அதுதான். குளிரினால் வந்தது அல்ல.

உங்கள் சார்ஜருக்கு எத்தனை பின்? சுவிட்ச் போர்டில் எத்தனை துளை?

மழைக்குறிப்பேடு, நவம்பர் 10, காலை 6.50

சார்ஜருக்கு மூன்று பின் ஐயா. ஆனால் இது தோட்டக் காலத்துப் பழைய வீடு. அப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டு துளை போர்டு. அதனால் ஒரு மாற்றுப் பிளக் போட்டு இணைத்திருக்கிறேன். அடுப்படியில் மூன்று துளை போர்டு உண்டு. அங்கே எடுத்துச் சென்றும் முயன்றேன். அங்கேயும் நடுக்கம் இருக்கிறதே?

இன்னொரு செய்தி. இப்போது மலை முழுவதும் மூடுபனி. ஜன்னலோர மேசையில் இரவு முழுவதும் கணினி கிடக்கும். காலையில் டச்பேட் மிக மோசமாக இருக்கும், பத்து மணிக்கு மேல் தேவலை.

மின்பணி அஸ்தம்பட்டி, நவம்பர் 10, காலை 8.15

நான் எலக்ட்ரீஷியன். இந்த இழையில் எனக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த மாற்றுப் பிளக் எர்த் பின்னை அப்படியே அநாதையாக விட்டுவிடுகிறது. முதலில் அதை எடுத்துவிடுங்கள். அடுப்படி போர்டில் மூன்றாவது துளை இருக்கிறது என்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது, அம்மா. பழைய வீடுகளில் போர்டை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு, எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இழுக்காமல் மூடியிருப்பார்கள். நான் நூறு வீட்டுக்கு மேல் பார்த்திருக்கிறேன். கம்பி இருந்தாலும் எர்த் குழி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்வராயன் மலை பாறை மண். பாறையில் ஈரம் நிற்காது, ஈரம் இல்லாத குழி எர்த் எடுக்காது. கரியும் உப்பும் போட்டு நிரப்பிய பழைய குழிகளுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கையோடு ஓர் எச்சரிக்கை. "எர்த் இல்லையா, நியூட்ரலையும் எர்த்தையும் போர்டுக்குள்ளேயே ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்தக் கணினியின் உடலில், மிக்ஸியின் உடலில், எல்லாவற்றிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். அது குறுகுறுப்பு இல்லை, உயிர்ச் சேதம். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் வேண்டாம். உரிமம் பெற்ற ஒருவரை அழைத்து, எர்த் மின்தடையை மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். அப்படியே, மின்சாரம் கசிந்தால் இணைப்பை உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். டச்பேட்டுக்காக இல்லாவிட்டாலும், உங்களுக்காக அது வேண்டும்.

ஐந்துரோடு பழுதுநீக்குநர், நவம்பர் 10, காலை 9.00

அண்ணன் சொன்னதற்கு மேல் எர்த் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அதுவரை, தட்டச்சு செய்யும் நேரத்தில் சார்ஜரைக் கழற்றி வையுங்கள், டீச்சர்.

மூடுபனி பற்றி நீங்கள் கவனித்தது மிகச் சரி. டச்பேட்டுக்கு விரலும் நீர்த்துளியும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். இரவில் குளிர்ந்து கிடக்கும் கணினியின் மேல், காலையில் அடுப்பு மூட்டி, வெந்நீர் வைத்து, வீடு வெதுவெதுப்பானதும் ஈரம் படியும். கண்ணுக்குத் தெரியாத படலமாகக்கூட இருக்கும். சேலத்தில் மே மாதம் ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் நடப்பதும் இதே கதைதான். இரவில் மூடிப் பையில் வைத்துவிடுங்கள், ஜன்னலோரம் வேண்டாம். காலையில் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். பிசுக்கு இருந்தால் கணினியை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் துடையுங்கள். நேராக ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டாலும் இதே தொல்லை வரும். உலோக வளையல் மணிக்கட்டிலிருந்து இறங்கி டச்பேட்டில் உரசினால் அதையும் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். தட்டச்சு செய்யும்போது வலக்கை வளையலைச் சற்று மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

மிச்சமிருக்கும் 3 கோடுகள் கட்டைவிரலின் வேலை. ஸ்பேஸ் பட்டைக்குக் கீழே ஓய்வெடுக்கும் கட்டைவிரல் டச்பேட்டில் உரசுகிறது. டச்பேட் அதைத் தட்டல் என்று எடுத்துக்கொள்கிறது. இதற்குத்தான் அமைப்புகளில் மருந்து.

நீங்கள் குறைத்தது கர்சர் வேகம். அது அம்புக்குறி எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதை மட்டுமே முடிவு செய்யும். தொடுதலை ஏற்பதா மறுப்பதா என்பதில் அதற்குப் பங்கே இல்லை. நீங்கள் மாற்ற வேண்டியது அதே பக்கத்தில் கீழே, டேப்ஸ் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் டச்பேட் சென்சிடிவிட்டி. அதில் மோஸ்ட் சென்சிடிவ், ஹை, மீடியம், லோ என்று நான்கு நிலைகள். வழக்கமாக மீடியத்தில் இருக்கும். லோ வையுங்கள்.

அந்தப் பெயர்தான் எல்லாரையும் குழப்புகிறது. 2013இல் விண்டோஸ் 8.1இல் இதே அமைப்பு வந்தபோது அதற்கு உணர்திறன் என்று பெயர் இல்லை, தாமதம் என்றுதான் பெயர். தட்டச்சு செய்யும்போது கர்சர் தவறி நகராமலிருக்க, கிளிக் வேலை செய்வதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்கும். தாமதமே இல்லை, குறுகிய தாமதம், நடுத்தரம், நீண்டது என்று நான்கு. எனக்கு அந்தப் பழைய பெயர்தான் பிடிக்கும். அது செய்கிற வேலையைச் சொன்னது. லோ என்று வைத்தால் டச்பேட் மரத்துப்போய்விடாது. விசையைத் தட்டிய உடனே வருகிற தொடுதலை மட்டும் அதிகம் சந்தேகப்படும், அவ்வளவே.

கருப்பூர் லினக்ஸ், நவம்பர் 10, காலை 11.40

எனக்கு இதில் உடன்பாடில்லை. சந்தேகப்படும் டச்பேட் சில நேரம் ஏமாறும். மழைக்கணக்கு போன்ற வேலையில் ஒரு முறை ஏமாந்தாலும் இழப்புதான். ஒரு விரலால் தட்டினால் கிளிக் ஆகும் வசதியையே முழுவதுமாக அணைத்துவிட வேண்டும். அழுத்தினால்தான் கிளிக் என்றால், உரசல் எதையும் அழிக்க முடியாது.

ஐந்துரோடு பழுதுநீக்குநர், நவம்பர் 10, பகல் 12.05

டீச்சர் முதல் பதிவிலேயே கட்டைவிரல் மூட்டு வலியைச் சொல்லியிருக்கிறார்கள். நாள் முழுவதும் அழுத்திக் கிளிக் செய்யச் சொல்வது நியாயமா?

கருப்பூர் லினக்ஸ், நவம்பர் 10, பகல் 12.20

அதை நான் கவனிக்கவில்லை. வருந்துகிறேன், அம்மா. அப்படியானால் குறைந்தது ஒன்றை அணையுங்கள். இருமுறை தட்டி இழுத்தால் பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி, அதே டேப்ஸ் பட்டியலில் இருக்கிறது. கட்டைவிரல் இரண்டு முறை உரசி நகர்ந்தால் பல கட்டங்கள் ஒன்றாகத் தேர்வாகிவிடும். அந்த நேரத்தில் டிலீட் விசையில் கை பட்டால் அத்தனையும் போய்விடும். அழுத்தியே ஆக வேண்டிய நேரத்தில் டச்பேட்டின் கீழ் ஓரத்தில் அழுத்துங்கள். பெரும்பாலானவற்றில் கீல் மேல்பக்கம் இருப்பதால் கீழே அழுத்துவது எளிது, மேலே போகப் போகக் கடினம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்காகவும் எழுதிவிடுகிறேன். இப்போது பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் டச்பேட்டைக் கவனிப்பது லிப்இன்புட் என்ற மென்பொருள். தட்டச்சு செய்யும்போது டச்பேட்டை நிறுத்தி வைக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் அது கணினியோடு சேர்ந்த விசைப்பலகையை மட்டுமே டச்பேட்டோடு இணை சேர்க்கிறது. வெளியிலிருந்து யுஎஸ்பி விசைப்பலகை போட்டுத் தட்டினால் டச்பேட் நிற்காது. விசைகளை இடம் மாற்றித் தரும் நிரல்கள் தமிழ் தட்டச்சுக்காகச் சிலர் போடுகிறார்கள். அவை ஒரு மெய்நிகர் விசைப்பலகையை உருவாக்குவதால், அங்கேயும் இணை அறுந்துபோகும். என் கணினியில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை டச்பேட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். விரலின் அழுத்த அளவையோ தொடும் பரப்பையோ தெரிவிக்கும் டச்பேட்டாக இருந்தால், லிப்இன்புட்டோடு வரும் அளவிடும் கருவியை ஓட்டி, உங்கள் விரலுக்கு எவ்வளவு, உள்ளங்கைக்கு எவ்வளவு என்று பார்த்து, எல்லையை நீங்களே ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். எல்லா டச்பேட்டும் அந்த அளவுகளைத் தருவதில்லை.

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர், நவம்பர் 10, மாலை 6.30

டச்பேட் பற்றி நீங்கள் எல்லாரும் என்னைவிட அறிந்தவர்கள். கணக்கு பற்றி நான் ஒன்று சொல்கிறேன்.

எண் ஏற்றும் வேலைக்கு டச்பேட்டே தேவையில்லை, அம்மா. அளவைத் தட்டி டேப், குறிப்பைத் தட்டி என்டர். அப்படிச் செய்தால் எக்செல் தானாகவே அடுத்த வரியின் முதல் கட்டத்துக்கு வந்து நிற்கும். மாதம் முழுவதும் கை விசைப்பலகையை விட்டு இறங்க வேண்டியதில்லை. ஆகவே உட்கார்ந்ததும் டச்பேட்டை அணைத்துவிடுங்கள். மேல்வரிசை எஃப் விசைகளில் ஒன்றில் டச்பேட் படம் சிறியதாக இருக்கும், பெரும்பாலும் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும். அப்படி விசை இல்லாத கணினி என்றால், அமைப்புப் பக்கத்தில் டச்பேட்டுக்கு எதிரே இருக்கும் சுவிட்சை அணைக்கலாம்.

இரண்டாவது, முடித்த ஆண்டுகளைப் பூட்டுங்கள். ரிவியூ தாவலில் புரொடெக்ட் ஷீட் என்று இருக்கிறது. ஓராண்டுக்கு ஒரு தாள் என்று வைத்திருந்தால், முடிந்த தாளைப் பூட்டிவிடலாம். பிறகு டச்பேட் என்ன ஆட்டம் ஆடினாலும் எண் மாறாது. எங்கள் தொழிலில் வெள்ளி எடை மில்லிகிராம் வரை கணக்கு. மாதம் முடிந்த மறுநாளே பூட்டிவிடுவேன்.

மூன்றாவது, ஏற்கெனவே ஏற்றிய 11 ஆண்டுகள். அவற்றுள் பிழை இருக்கத்தான் செய்யும். அப்பா மாதக் கடைசியில் கூட்டுத்தொகை எழுதியிருக்கிறாரா?

மழைக்குறிப்பேடு, நவம்பர் 10, இரவு 9.15

எழுதியிருக்கிறார்! ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் மாதக் கூட்டு. ஆண்டுக் கடைசியில் மொத்தக் கூட்டு. தினசரி அளவை ஏற்றினால் போதும், கூட்டலை எக்செல் பார்த்துக்கொள்ளும் என்று அவற்றை நான் ஏற்றவே இல்லை.

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர், நவம்பர் 10, இரவு 9.22

ஏற்றுங்கள் அம்மா. எக்செல் கூட்டல் ஒரு பக்கம், அப்பாவின் கூட்டல் ஒரு பக்கம். இரண்டும் ஒத்துப்போகாத மாதத்தை மட்டும் நோட்டோடு வைத்துப் பாருங்கள். 11 ஆண்டு என்றால் 132 மாதம். அத்தனை நாள்களையும் திரும்பப் படிப்பதைவிட இது எளிது.

ஐந்துரோடு பழுதுநீக்குநர், நவம்பர் 10, இரவு 9.40

இது என் மனத்தில் தோன்றவே இல்லை. நானும் இனிக் கடைக்கு வருகிறவர்களிடம், சரிசெய்து கொடுத்த பிறகு, இதற்கு முன் தட்டியதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று சொல்வேன்.

ஆத்தூர் ஈராண்டு, நவம்பர் 13, மாலை 5.10

புதிய பேட்டரி போட்டாயிற்று. பழையது தலையணை மாதிரி உப்பியிருந்தது. கடைக்காரர் திறந்து காட்டியபோது கை நடுங்கிவிட்டது. இதை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிய இரவுகள் உண்டு. டச்பேட் இப்போது சமமாக இருக்கிறது, தானாகக் கிளிக் ஆவதும் நின்றுவிட்டது. அமைப்பில் எதையும் தொடவில்லை. ஐந்துரோடு ஐயாவுக்கு மிக்க நன்றி. எங்கள் வகுப்பில் எல்லாரையும் ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இன்னொரு கணினியிலும் மேடு இருந்தது. அதையும் அணைத்து வைத்திருக்கிறோம்.

மழைக்குறிப்பேடு, நவம்பர் 19, இரவு 8.30

பத்து நாளாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

எலக்ட்ரீஷியன் சேலத்திலிருந்து வந்தார். அஸ்தம்பட்டி ஐயா சொன்னதுபோலவே அடுப்படி போர்டின் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. வீட்டின் பழைய எர்த் குழி காப்பிச் செடிகளுக்கு நடுவே சருகு மூடிக் கிடந்தது. அங்கே பாறை தட்டுப்பட்டதால், கிணற்றடியில் ஈரமண் இருக்கும் இடமாகப் பார்த்துப் புதிய எர்த் கம்பி இறக்கி, மீட்டரில் அளந்து காட்டினார். மேசைக்குப் பக்கத்தில் மூன்று துளை போர்டு போட்டு, ஆர்சிசிபியும் வைத்துவிட்டுப் போனார். இத்தனை ஆண்டும் இப்படியே இருந்தோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மறுபடியும் கோடு போட்டு எண்ணினேன். சார்ஜரோடு 3, பேட்டரியில் 3. நடுக்கம் இல்லை, குறுகுறுப்பும் இல்லை. பிறகு சென்சிடிவிட்டியை லோ வைத்தேன். இருமுறை தட்டி இழுக்கும் வசதியை அணைத்தேன். கால் மணி நேரத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. ஆனாலும் எண் ஏற்றும்போது கருப்பூர்த் தம்பியின் பேச்சைக் கேட்டு, கணக்கர் சொன்னபடி டச்பேட்டை அணைத்துவிட்டே உட்காருகிறேன். கணினி இப்போது இரவில் பைக்குள் தூங்குகிறது.

132 மாதங்களில் 9 மாதம் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றையும் நோட்டோடு வைத்துப் பார்த்தேன். 8 மாதங்களில் தவறு என்னுடையது. ஓர் எண் பாதியாக நின்றிருந்தது, இன்னோர் எண் அடுத்த நாளின் மேல் ஏறியிருந்தது, இரண்டு இடங்களில் வெறும் புள்ளி மட்டும் இருந்தது. எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். ஒன்பதாவது மாதத்தில் நான் தட்டியது நோட்டில் இருப்பதுபோலவே இருந்தது. அப்பாவின் கூட்டலில்தான் 10 சென்ட் கூடியிருக்கிறது. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். அந்த மாதத்துப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், "அம்மாவுக்கு ஜுரம், இரவு விழிப்பு" என்று எழுதியிருக்கிறார்.

அதைத் திருத்தவில்லை. குறிப்புக் கட்டத்தில் அவர் எழுதியபடியே ஏற்றிவிட்டுத் தாளைப் பூட்டிவிட்டேன். நாளை 1982.